செயலாளர் ஆண்டறிக்கை (கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க)

தலைவருக்கும், செயற்குழுவுக்கும், வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் (அவங்கதான் அதிகம்) வணக்கம்.

பொங்கல் விழா நல்லபடியா நடந்துச்சு. கோடை பிக்னிக் மழையால ஒரு வாரம் தள்ளிப்போச்சு. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவும் நடந்துச்சு. போட்டோ எல்லாம் க்ரூப்ல இருக்கு.

இப்ப, நோய் இருக்கிற பிள்ளைங்களோட இன்சூரன்ஸ் சிக்கலுக்கு உதவற நம்ம குழந்தைகள் இன்சூரன்ஸ் உதவிக் குழுவுக்கு வரேன். தமிழ்ச் சங்கத்துக்கு இது தேவையான்னு இந்த வருஷமும் செயற்குழுவுல கேட்டாங்க, கேட்டவங்க வீட்டுல ஆஸ்துமா, டைப் 1 சர்க்கரை, பிறவியிலேயே இதயக் குறைன்னு எதுவும் இல்ல போல, நல்லா இருக்கட்டும். "அமெரிக்கால 2010லயே சட்டம் வந்துடுச்சே, அப்புறம் என்ன பயம்"னு ஒருத்தர் சொன்னார். சட்டம் வந்தது உண்மை, ஒபாமாகேர்னு சொல்றது அதைத்தான். அந்த வருஷம் மார்ச்ல ஒபாமா கையெழுத்து போட்டார், செப்டம்பர் 23க்கு அப்புறம் தொடங்கற பிளான் வருஷத்துல இருந்து 19 வயசுக்கு கீழ இருக்கிற பிள்ளைகளுக்கு, ஏற்கெனவே இருக்கிற நோயைக் காரணம் காட்டி கவரேஜ் மறுக்கக் கூடாதுன்னு ஆச்சு, பெரியவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு 2014லதான் வந்துச்சு. ஆனா அது அமலுக்கு வந்த அதே நேரத்துல பல கம்பெனிங்க குழந்தைக்கு மட்டும்னு தனியா பாலிசி விக்கிறதையே நிறுத்திட்டாங்க. மறுக்கக் கூடாதா, சரி, கடையையே மூடிட்டா?

அதோட முடியல. 2017 மே மாசம் சட்டத்தோட பெரும் பகுதியை எடுக்கற மசோதா கீழ்சபையான ஹவுஸ்ல 217க்கு 213ன்னு பாஸ் ஆச்சு, ஜூலைல மேல்சபையான செனட்ல இன்னொரு மசோதா 49க்கு 51ன்னு தோத்துச்சு, செனட்டர் மெக்கெய்ன் அதை எதிர்த்து கட்டைவிரலைக் கீழ காட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சட்டத்தையே செல்லாதுன்னு சொல்லச் சொல்லி சில மாநிலங்கள் போட்ட கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2021 ஜூன்லதான் 7க்கு 2ன்னு முடிஞ்சுது, அதுவும் கேஸ் போடறதுக்கே உங்களுக்கு உரிமை இல்லன்னு சொல்லித்தான் தள்ளுபடி பண்ணாங்க. ரெண்டு ஓட்டுல நின்ன ஒரு விஷயத்தை நாம யாரும் கவனிக்காம இருந்தா எப்படிங்க?

சரி, அரசியல் வேண்டாம்னு சொல்றவங்களுக்காக நடைமுறைக்கு வரேன், என்னோட வேலை முழுக்க அங்கதான். நம்ம ஆளுங்க மாட்டிக்கிறது சட்டம் இல்லாததால இல்ல, தேதியை விடறதாலயும் தப்பான பிளானை எடுக்கறதாலயும்தான். ஒரு உறுப்பினருக்கு வேலை போச்சு, ஹெச்1பி விசா கவலைலயே இருந்தார், வேலையோட போற இன்சூரன்ஸை யோசிக்கல. பிள்ளைக்கு இன்சுலின் பம்ப். போன்ல எவனோ மலிவா, கொஞ்ச காலத்துக்கு மட்டும்னு ஒரு ஷார்ட் டெர்ம் பிளான் விக்கப் பாத்தான், அவரும் கார்டு நம்பர் குடுக்கற வரைக்கும் வந்துட்டார். அந்த மாதிரி பிளானுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, பழைய நோய்னு சொல்லிக் கைவிரிச்சிடலாம். செலவைப் பகிர்ந்துக்கறோம்னு சொல்ற மத அமைப்புத் திட்டங்களும் அப்படித்தான், அது இன்சூரன்ஸே கிடையாது. அவருக்கு வழி இருந்துச்சு: மனைவியோட ஆபீஸ் பிளான்ல சேர 30 நாள், அந்தச் சட்டப்படி நடக்கற இன்சூரன்ஸ் சந்தையான மார்க்கெட்பிளேஸுக்கு 60 நாள், பழைய ஆபீஸ் பிளானையே நம்ம காசுல தொடர்ற கோப்ராவைத் தேர்ந்தெடுக்கவும் 60 நாள். மனைவி பிளான்ல கடைசி நேரத்துல சேத்தோம். பிறந்த குழந்தையை ஆபீஸ் பிளான்ல சேக்கறதுக்கும் பொதுவா அதே 30 நாள்தான், ஊர்ல இருந்து பாட்டி தாத்தா வந்த சந்தோஷத்துல அதையும் மறந்துடறாங்க.

அடுத்தது இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பற மறுப்புக் கடிதம். பழைய நோய்னு இப்ப யாரும் எழுத மாட்டாங்க. மருத்துவத் தேவை இல்ல, முன் அனுமதி வாங்கல, இந்த மருந்து எங்க பட்டியல்ல இல்லன்னு எழுதுவாங்க. ஜனவரில பட்டியல் மாறும், போன மாசம் வரைக்கும் அதுல இருந்த சர்க்கரை அளக்கற சென்சார் இந்த மாசம் இருக்காது. அதைப் பாத்ததும் நம்மாளு பேசாம காசைக் கட்டிடறார். கட்டாதீங்க! அந்த இன்சூரன்ஸ் கம்பெனிகிட்டயே பண்ற உள் மேல்முறையீட்டுக்கு 180 நாள் இருக்கு, அதுலயும் மறுத்தா, மருத்துவக் காரணம் சம்பந்தப்பட்டதுன்னா கம்பெனிக்குச் சம்பந்தமில்லாதவங்க பாக்கற வெளி ஆய்வு கேக்க 4 மாசம், அவசரம்னா 72 மணி நேரத்துக்குள்ள முடிவு சொல்லியாகணும். நீங்க வேலை பாக்கற கம்பெனியே சொந்தக் காசுல நடத்தற பிளானா இருந்தா மாநில இன்சூரன்ஸ் துறைக்கு எழுதி பிரயோஜனம் இல்ல, மத்திய தொழிலாளர் துறைக்குப் போகணும். இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு நாக்கு தள்ளிடுச்சு. இப்ப மாதிரிக் கடிதம், டாக்டர்கிட்ட என்ன எழுதி வாங்கணும், எந்தத் தேதிக்குள்ள அனுப்பணும்னு எல்லாம் ஒரே ஃபைல்ல தமிழ்லயே இருக்கு. இதை நான் செஞ்சேன்னு சொல்லிக்கறதுல எனக்கு வெக்கம் இல்ல.

ஆனா ஒண்ணு கேக்கணும். ராத்திரி போன் பண்ணி "செயலாளர் சார், லெட்டர் வந்துடுச்சு"ன்னு பதறினவங்க, வேலை முடிஞ்சதும் சந்தா கேட்டா மெசேஜைப் பாத்துட்டு பதில் போடறதில்ல. கூட்டத்துக்கு வாங்கன்னா பையனுக்கு சாக்கர் கிளாஸ். கோடைல நடத்தின பயிலரங்குக்கு வந்தவங்களை விட அன்னிக்குப் போட்ட நாற்காலி அதிகம். உதவி வாங்கினவங்கள்ல பாதிக்கு மேல சந்தா பாக்கி, பேர் சொல்ல மாட்டேன், அவங்களுக்கே தெரியும்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சரியா இருக்கு, ஹால் வாடகை கூடினதால கையிருப்பு போன வருஷத்தை விடக் கொஞ்சம் கம்மி, விவரம் பொருளாளர்கிட்ட கேட்டுக்கலாம். உதவிக் குழுவுக்குச் சங்கப் பணத்துல பிரிண்ட் செலவு மட்டும்தான் ஆச்சு, வேற மாதிரி பேசறவங்க ரசீதைப் பாக்கலாம்.

தலைவர், பொருளாளர், சமையல் குழு, ஒலிபெருக்கி கொண்டுவந்த தம்பி, எல்லாருக்கும் நன்றி. கடிதங்களைச் சரிபார்த்துக் குடுத்த நர்ஸ் அக்காவுக்குத் தனி நன்றி, அவங்க உறுப்பினர் கூட கிடையாது.

அடுத்த வருஷம் நான் நிக்கறதா இல்ல. வீட்டுலயும் அதான் சொல்றாங்க. ஃபைலை யார்கிட்ட குடுக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க, நவம்பர் 1ல மார்க்கெட்பிளேஸ் திறக்குது, அதுக்கு முன்னாடி ரெண்டு பேர் கூட உக்காந்தா போதும், பழகிக்கலாம். அந்த ரெண்டு பேர் நிஜமாவே வந்தாங்கன்னா இன்னொரு வருஷம் இருக்கறதைப் பத்தி யோசிக்கலாம், அதுவும் யாராவது கேட்டா. சந்தா பாக்கி லிஸ்ட் வாசல் டேபிள்ல இருக்கு, சாப்பாட்டுக்கு வரிசைல நிக்கறதுக்கு முன்னாடி அதைப் பாத்துட்டுப் போங்க.