திருடினான், மோசடி செய்தார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை இதழின் 5ஆம் பக்கத்தில் இரண்டு கைதுச் செய்திகள் அடுத்தடுத்து வந்திருந்தன. கோயில் வாசலில் சைக்கிள் திருடியவன் 'சிக்கினான்'. நிதி நிறுவனம் நடத்திக் கோடிகளைச் சுருட்டியவர் 'கைது செய்யப்பட்டார்'. (பாருங்கள், எனக்கும் அப்படித்தான் எழுத வருகிறது.) இரண்டு வழக்கிலும் விசாரணையே தொடங்கவில்லை. அதற்குள் ஒருவருக்கு 'ன்', இன்னொருவருக்கு 'ர்' என்று தீர்ப்பு எழுதியது யார்?

குற்றத்துக்கு வறுமைதான் வேர் என்று நம்பியவர்களை மறுத்து, 1939-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லேண்ட் 'வெள்ளைக் காலர் குற்றம்' பற்றிப் பேசினார். மதிப்பும் அந்தஸ்தும் உள்ளவர் தம் தொழிலை நடத்தும்போதே செய்யும் குற்றம் என்பது அவர் தந்த விளக்கம். 70 பெரிய நிறுவனங்களுக்கு எதிரான 980 தீர்ப்புகளையும் ஆணைகளையும் அவர் தொகுத்தார். குற்றவியல் நீதிமன்றங்கள் வழங்கியவை அவற்றில் சுமார் 16 சதவீதம்தான். மற்றவற்றில் கைவிலங்கு இல்லை. ஆகவே ஊர் அவற்றைக் குற்றமாகவே கருதவில்லை. 1949-இல் அது நூலானபோது, வழக்குக்கு அஞ்சிய பதிப்பகம் நிறுவனங்களின் பெயர்களை நீக்க வைத்தது. 1983-இல்தான் அவை அச்சேறின. சைக்கிள் திருடர்களின் பெயரை அச்சிட எந்தப் பதிப்பகம் அஞ்சியது?

1990களில் எங்கள் ஊரிலும் ஒரு நிதி நிறுவனம் மூடப்பட்டது. என் தாயார் அதில் 40,000 ரூபாய் போட்டிருந்தார். பூட்டிய கதவின் முன் நின்றவர்கள், "பெரிய குடும்பம், முதலாளி ஓடிவிட மாட்டார்" என்றே பேசிக்கொண்டார்கள். அதே தெருவில் பித்தளைக் குடம் திருடியவனை விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்ததையும் பார்த்திருக்கிறேன். இத்தகைய நிறுவனங்களிடம் ஏமாந்தவர்களுக்காக 1997-இல் தமிழகத்தில் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அம்மா கடைசிவரை 'அவர் ஏமாற்றிவிட்டார்' என்றாரே தவிர, 'திருடிவிட்டான்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. பணத்தைப் பறிகொடுத்தவருக்கே வாய் வராதபோது உங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லைதான்.

ஆனாலும் கேட்கிறேன். கோடிகளைச் சுருட்டியதாகக் கைதானவரை 'அவன்' என்று எழுதச் சொல்லவில்லை. தீர்ப்பு வரும்வரை சைக்கிள் வழக்கில் பிடிபட்டவருக்கும் ஒரு 'ர்' போடுங்கள். 'நிதி முறைகேடு' என்ற தலைப்புக்குப் பதிலாகத் 'திருட்டு வழக்கு' என்று போட்டுப் பாருங்கள். இடமும் அதிகம் பிடிக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கும்பகோணம்.