பார்க்ஸ் புகைப்படக்காரர் மட்டுமா?

ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்கப் புகைப்படக்காரர் கார்டன் பார்க்ஸ் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் அவருடைய கவிதை, இசை, சினிமா எல்லாவற்றையும் கடைசி வரியில் 'பிற ஆர்வங்கள்' என்று முடித்தது வருத்தம் தந்தது. கான்சஸ் மாநிலத்தில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தின் 15 பிள்ளைகளில் கடைக்குட்டி அவர். அடகுக் கடையில் வாங்கிய கேமராவோடு தொடங்கி 'வோக்' இதழுக்கு ஃபேஷன் படங்கள் எடுத்தார். அப்புறம் 'லைஃப்' இதழின் முதல் கறுப்பினப் புகைப்படக்காரர் ஆனார். 1969-இல் தன் நாவலையே 'தி லேர்னிங் ட்ரீ' என்று படமாக்கினார். திரைக்கதை, இயக்கம், தயாரிப்பு, இசை எல்லாம் அவரே. பெரிய ஹாலிவுட் நிறுவனத்துக்குப் படம் இயக்கிய முதல் கறுப்பினத்தவரும் அவர்தான்.

இவற்றைத் தனித்தனியாகப் பிரித்தால் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. ஆடை வடிவமைப்பு வகுப்பில் அவருடைய 'வோக்' படங்களைக் காட்டும்போது, மாணவிகள் முதலில் பேசுவது துணியைப் பற்றி அல்ல, அணிந்தவரின் நடையைப் பற்றி. அசைவைத் தேடிய அந்தக் கண்தான் சினிமாவுக்கும் போனது. அவர் கவிதைகளையும் புகைப்படங்களையும் சேர்த்தே நூல்களாக்கியவர். அந்தக் கவிதைகளில் சிலவற்றைத் தமிழாக்கி, உரிய அனுமதியோடு படங்களுடன் ஒரு முழுப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

– ஆடை வடிவமைப்பு ஆசிரியை, திருப்பூர்