7-ஆம் எண் சட்டை யாருக்கு?

இந்திய ரக்பி அணித் தேர்வாளர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பிழைப்பு கபடி, பைத்தியம் ரக்பி. எங்கள் பக்கம் ரக்பி என்று சொன்னால், "தலைக்கவசம் மாட்டிக்கிட்டு மோதுவாங்களே, அதுவா சார்?" என்றுதான் கேட்பார்கள். அது வேறு, இது வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். இருந்தாலும் நான்கைந்து பேர் சேர்ந்துவிட்டோம். உரக்கடைக்காரர் ஒருவர், தபால்காரர் ஒருவர், பழைய மாணவர்கள் சிலர். ராத்திரி ஆட்டம் பார்ப்போம், மறுநாள் சண்டை போடுவோம். சண்டையில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: 6, 7, 8 ஆகிய மூன்று சட்டைகளை யாருக்குக் கொடுப்பது? நாங்கள் எங்களுக்குள் கத்திக்கொண்டு என்ன பயன், முடிவெடுப்பவர்களுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் திறந்த மடல் என்பதால் மற்றவர்களுக்காக இரண்டு வரி. ஸ்க்ரம்மில் பக்கத்துக்கு எட்டுப் பேர் கைகோத்து முட்டுகிறார்கள். முன்னால் மூவர், நடுவில் இருவர், பின்னால் மூவர். அந்தப் பின் மூவர்தான் லூஸ் ஃபார்வர்ட்கள். 6-ம் 7-ம் பிளாங்கர்கள் (பொதுவாக 6 இடிப்பவர், 7 தரையில் பந்தைத் திருடுபவர்), கடைசியில் நிற்பவர் நம்பர் எய்ட். பந்து வெளியே போனதும் பிடியை விட்டு முதலில் ஓட வேண்டியவர்கள் இவர்கள். எதிராளியைச் சாய்க்க வேண்டும், சாய்ந்தவனிடமிருந்து பந்தைக் கிளப்ப வேண்டும், நம் ஆள் சாய்ந்தால் அவனுடைய பந்தைக் காக்க வேண்டும், நடுநடுவே பந்தைத் தூக்கிக்கொண்டு முட்டி நுழையவும் வேண்டும். பந்து கோட்டுக்கு வெளியே போனால் திரும்ப உள்ளே எறிவார்களே, அந்த லைன்அவுட்டில் இந்த மூவரில் ஒருவராவது மேலே எகிறிப் பிடிக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. வேலை நிறைய, ஆள் மூன்றே பேர். தகராறு வராமல் என்ன செய்யும்? (தென்னாப்பிரிக்காவில் 6-க்கும் 7-க்கும் வேலை மாறியிருக்கும். இது தெரியாமலே எங்களுக்குள் ஒரு பெரிய சண்டை நடந்து முடிந்தது.)

உரக்கடைக்காரரின் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் நினைப்பதும் அதுதான். நம் ஆட்கள் உடம்பில் சிறியவர்கள், ஆகவே கிடைக்கிற பெரிய உடம்பையெல்லாம் பின்வரிசையில் நிறுத்து, லைன்அவுட்டுக்கு உயரம் கிடைக்கும், ஸ்க்ரம்முக்குக் கனம் கிடைக்கும் என்பார். அவர் கூப்பிடும் சாட்சி பீட்டர்-ஸ்டெஃப் டு டோய்ட். லேசான சாட்சி இல்லை. இரண்டு மீட்டர் உயரம், ஸ்க்ரம்மின் நடுவரிசையான லாக் இடத்திலிருந்து பிளாங்கருக்கு மாறியவர். 2023 உலகக் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தை 12-11 என்று ஒரே புள்ளியில் வென்றபோது, 28 டேக்கிள் (பந்தோடு வருபவனைப் பிடித்துச் சாய்ப்பது) போட்டு ஆட்ட நாயகன் விருதை வாங்கிக்கொண்டு போனார்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே கணக்கை நியூசிலாந்து 2019 அரையிறுதியில் போட்டுப் பார்த்தது. பயிற்சியாளர் ஸ்டீவ் ஹேன்சன், லாக் ஆடும் ஸ்காட் பேரட்டைக் கொண்டுவந்து 6-இல் நிறுத்தினார், சாம் கேனை பெஞ்சில் உட்கார வைத்தார். எதிரே இங்கிலாந்துக்கு டாம் கரியும் சாம் அண்டர்ஹில்லும். இரண்டு பேருமே 7 ஆடக்கூடிய ஆட்கள். பந்து தரைக்கு வந்த இடமெல்லாம் அவர்கள் இருவரில் ஒருவர் முன்னால் நின்றார். இடைவேளையிலேயே பேரட்டை வெளியே எடுத்துக் கேனை இறக்க வேண்டியதாயிற்று. முடிவு 19-7, நியூசிலாந்து வீட்டுக்கு. டு டோய்ட்டின் பெருமையும் உயரத்தில் இல்லை. அந்த இரண்டு மீட்டர் உடம்பை மடக்கி, ஓடி வருபவனின் தொடைக்குத் தோள் கொடுக்கத் தெரிகிறதே, அதில் இருக்கிறது. அந்த வித்தை தெரியாத உயரமான ஆளை 6-இல் நிறுத்தினால் லைன்அவுட்டில் பத்துப் பந்து கிடைக்கும், மற்ற நேரமெல்லாம் அவன் வந்து சேர்வதற்குள் ரக், அதாவது விழுந்த பந்தின்மேல் நடக்கும் தள்ளுமுள்ளு, முடிந்திருக்கும்.

தபால்காரர் இதற்கு நேர் எதிர். இரண்டு 7-ஆம் எண்காரர்களை ஒன்றாகப் போடு என்பார். 2015-இல் ஆஸ்திரேலியா அப்படித்தான் மைக்கேல் ஹூப்பரை 7-இலும் டேவிட் போக்காக்கை 8-இலும் வைத்து இறுதி வரை போனது. இறுதியில் எதிரே நியூசிலாந்தின் ஜெரோம் கைனோ, ரிச்சி மெக்கா, கீரன் ரீட். 2011 இறுதியில் பிரான்ஸை 8-7 என்று தாண்டிய அதே மூவர். இடிப்பதற்கு ஒருவர், பந்தைத் திருடுவதற்கு ஒருவர், எகிறிப் பிடிக்கவும் ஓடவும் ஒருவர். நியூசிலாந்துக்கு 34-17. தபால்காரர் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வேறு தெருவில் தபால் இருக்கிறது என்று கிளம்பிவிடுவார்.

என் கட்சி இதுதான். 7-ஆம் எண்ணை முதலில் எழுதுங்கள். பந்து தரையில் இருக்கும்போது அதன்மேல் கை வைக்கத் தெரிந்த ஆள் யார் என்று பார்த்து எழுதுங்கள். 6-ஐயும் 8-ஐயும் அவனிடம் என்ன குறைகிறது என்று பார்த்து நிரப்புங்கள். அவன் குள்ளம் என்றால் 6 உயரமாக இருக்கட்டும். அவன் முட்டி நுழைய மாட்டான் என்றால் 8 அதைச் செய்யட்டும். பெரிய ஆட்களில் தொடங்கி, கடைசியில் மிச்சம் இருக்கிற இடத்தில் 7-ஐத் தேடினால், பந்தே கிடைக்காத பெரிய ஆட்கள்தான் மிஞ்சுவார்கள். உடம்பில் நம்மைவிடப் பெரிய அணியோடு ஆடும்போது இது இன்னும் அவசியம். ஸ்க்ரம்மில் அவர்களைத் தள்ள முடியாது. அவர்கள் பந்தை வைத்துக்கொண்டு இடித்துக்கொண்டே வருவார்கள். நமக்குப் பந்து கிடைக்கிற ஒரே வழி, விழுந்தவனிடமிருந்து எடுப்பதுதான்.

ஜப்பானைப் பாருங்கள் என்று உடனே ஒருவர் சொல்வார். 2015-இல் பிரைட்டனில் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று கவிழ்த்த ஆட்டம். நானும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஆனால் அன்று ஜப்பானுக்காகப் பின்வரிசையில் இறங்கிய லீச், பிராட்ஹர்ஸ்ட், டுயி மூவரும் நியூசிலாந்தில் பிறந்தவர்கள். அந்த வழி நமக்குத் திறக்காது. இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால்தான் தேசிய அணி என்பது நம் அரசின் விதி. ஆகவே 7-ஆம் எண் நம் ஊர்களிலிருந்துதான் வர வேண்டும்.

இதுவரை சொன்னது பதினைந்து பேர் ஆட்டம். ஆனால் இப்போது நம்மிடம் பணமும் பார்வையும் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் எழுவர் ஆட்டத்தின்மேல்தான். ஒலிம்பிக்கில் இருப்பது அதுதானே. 2025-இல் தொடங்கிய ரக்பி பிரீமியர் லீக்கும் எழுவர் ஆட்டமே. முதல் கோப்பையைச் சென்னை புல்ஸ் எடுத்ததில் எங்களுக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஆனால் எழுவர் ஆட்டத்து ஸ்க்ரம்மில் பக்கத்துக்கு மூன்று பேர்தான், பின்வரிசை என்ற ஒன்றே கிடையாது. ஏழு நிமிடம் ஓடி, இடைவேளை விட்டு, இன்னும் ஏழு நிமிடம் ஓடினால் முடிந்தது. அங்கே மின்னுகிற ஆளை அப்படியே தூக்கி 80 நிமிட ஆட்டத்தில் 7-ஆக வைத்துவிட முடியாது. முடியவே முடியாது என்றும் சொல்லவில்லை. குவாக்கா ஸ்மித் ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ஆட்டத்தில் வெண்கலம் வாங்கியவர், 2023 இறுதியில் தென்னாப்பிரிக்க பெஞ்சிலிருந்து இறங்கினார். இடையில் எத்தனை வருட வேலை என்று மட்டும் பாருங்கள்.

இனி எங்கள் பக்கத்துச் சங்கதி. வடுவூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பறவைகள் சரணாலயம், எங்களுக்குக் கபடி. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்த அபினேஷ் மோகன்தாஸ் அந்த ஊர்ப் பையன். அறுவடை முடிந்தால் போதும், மன்னார்குடியைச் சுற்றி ஊருக்கு ஊர் போட்டி, விடிய விடிய மைக் செட். அங்கே கார்னரில் நிற்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 7-ஆம் எண்தான் கண்ணில் தெரியும். முழங்கால் மடங்கி, முதுகு தட்டையாக, கனம் முழுக்க முன்பாதத்தில், கை தொங்கிக்கொண்டு. ரைடர் காலை ஒரு சாண் கூடுதலாக நீட்டினால் கணுக்கால் அவன் நெஞ்சில் இருக்கும்.

பள்ளி மைதானத்தில் சாயங்காலம் ரக்பிப் பந்தை எடுத்துப் போய் அப்படி ஒருவனை இறக்கிவிட்டேன். பந்தோடு ஓடி வந்தவனை முழங்காலுக்குக் கீழே அள்ளிச் சாய்த்தான். அவ்வளவு அழகு. சாய்த்தவன் விடவில்லை. விசில் ஊதினேன், விடவில்லை. "விடுடா" என்று கத்தினேன். "விட்டா ஓடிருவான் சார்" என்றான்.

சிக்கல் அங்கேதான். கபடியில் பிடியை விடாதவன்தான் நல்ல ஆள். ரக்பியில் சாய்த்தவன் உடனே விட வேண்டும், விட்டது நடுவருக்குத் தெரிய வேண்டும், எழுந்து நின்ற பிறகுதான் பந்தில் கை வைக்கலாம். இல்லையென்றால் பெனால்ட்டி. ஆகவே சாய்த்ததும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டிவிட்டு எழு என்று சொல்லிக்கொடுத்தேன். முதலில் பார்க்க, போலீஸிடம் சரணடைகிறவன் மாதிரி இருந்தது. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் கொஞ்ச நாளில் அந்தக் கைவிரிப்பு ஒரு நொடிக்கும் குறைவாகிவிட்டது. பிடி, விரி, எழு, பந்து. அதற்குப் பிறகு அவனைப் பந்திலிருந்து கிளப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. இழுத்துக்கொண்டு போகிற ரைடரை ஊன்றி நிறுத்திப் பழகிய கால்கள் அல்லவா.

இன்னொரு லாபம், தாழ்வாகப் பிடிப்பது. 2023 இறுதியில் சாம் கேனுக்குச் சிவப்பு அட்டை, ஷானன் ஃபிரிசெலுக்கும் சியா கோலிசிக்கும் மஞ்சள். மூவரும் லூஸ் ஃபார்வர்ட்கள், கேனும் கோலிசியும் அணித்தலைவர்கள் வேறு. அந்த இருவரும் மாட்டியது எதிராளியின் தலையில் பட்டதற்காக. எங்கள் கார்னர் பையன்களுக்கு நெஞ்சுக்கு மேலே போகவே தெரியாது.

குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கபடிக் களம் 13-க்கு 10 மீட்டர். நூறு மீட்டர் மைதானத்தில் எந்தக் கோணத்தில் ஓடி ஆளை மடக்குவது என்பது இவர்களுக்குப் புதிது. கை கோக்காமல் தோளால் மட்டும் தள்ளும் டேஷ் இங்கே தப்பு. நின்று பாடுகிற ரைடரின் காலைப் பிடிக்கும் பழக்கத்தில், முழு வேகத்தில் வருகிறவனின் முழங்காலுக்கு முன்னால் தலையைக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று முதல் நாளே சொல்லிக்கொடுக்காமல் யாரையும் மைதானத்தில் இறக்காதீர்கள், இதில் விளையாட்டே கூடாது. பந்தைத் தள்ளிக் கொடுக்கிற லட்சணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

அப்புறம் எடை. ஊர்ப் போட்டிகள் 55 கிலோ, 65 கிலோ என்று எடை வைத்து நடக்கின்றன, பெரியவர்கள் ஆட்டத்திலேயே வரம்பு 85 கிலோ. எடை பார்க்கும் நாள் வரை தண்ணீரைக்கூட அளந்து குடிக்கிற பையன்கள் இவர்கள். அவர்களை உங்கள் எடை மெஷினில் ஏற்றினால் எண் குறைவாகத்தான் காட்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு தேர்வு முகாமுக்கு ஒரு பையனைக் கூட்டிப் போனேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சுவரில் அளவுநாடா, கீழே மெஷின். பந்தைத் தொடுவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் கேட்டது, "உயரம் பாக்கறதுக்கு எதுக்கு சார் இவ்வளவு தூரம்?"

நீங்கள் தேர்வு வைத்தால் நாடாவைக் கடைசியில் எடுங்கள். முதலில் ஆளுக்குப் பத்து டேக்கிள் கொடுங்கள். சாய்த்ததிலிருந்து எழுந்து பந்தில் கை வைக்க எவ்வளவு நேரம், தன் காலிலேயே நிற்கிறானா, மோதி வருகிற அடுத்தவனைத் தாங்குகிறானா, இதை மட்டும் பாருங்கள். பத்தாவது டேக்கிளிலும் முதல் டேக்கிள் மாதிரியே எழுகிறவனைக் குறித்துக்கொள்ளுங்கள். அவனுக்கு இரண்டு வருடம் சாப்பாடும் ஜிம்மும் கொடுத்தால் கனம் ஏறும். மணிக்கட்டையும் தோள்பட்டையையும் பார்த்தாலே எந்த உடம்பு ஏறும் என்று ஊகிக்கலாம். ஏறாதவனும் இருப்பான், அவனை எழுவர் ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தேர்வு முகாமை டெல்டாவிலேயே வையுங்கள் என்பதுதான் கேட்பது. தஞ்சாவூரில் அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது, இல்லையென்றால் தண்ணீர் விட்டுப் புல் காத்த கல்லூரி மைதானம் ஏதாவது ஒன்று. வயலில் வேண்டாம். எங்கள் களிமண் கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும், கணுக்கால் போய்விடும். மார்ச்சில் பொதுத்தேர்வு, ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை, பாதிப் பையன்கள் வயலில் இருப்பார்கள். ஆகவே சித்திரைதான் தோது. வெயில் தாங்காது என்பதால் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். பூட்ஸ் இல்லாமல் வருகிறவர்களே அதிகம் இருப்பார்கள். தேதியை ஒரு மாதம் முன்னால் சொன்னால் கால் அளவுகளை எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டத்திலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியர்