கம்பியைக் குறுக்கே போடுங்கள்: வாவிக்கரைப் பாதைக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கரையில், நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் பொதுவாக விட்டிருக்கும் பாதையில், கானுக்கு மேலே கிடக்கும் கம்பி மூடியைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு தரம் முறைப்பாடு தந்திருக்கிறோம்.

அதன் கம்பிகள் பாதை போகும் திசையிலேயே நீளவாக்கில் கிடக்கின்றன. இடைவெளியில் என் மூன்று விரல் தாராளமாகப் போகிறது. என் மகளின் சைக்கிள் டயர் ஒன்றரை அங்குலம். டியூசன் முடிந்து அவள் வந்த பின்னேரம், கான் நிரம்பி மூடிக்கு மேலால் மழைத் தண்ணீர் நின்றது. முன் சில்லு உள்ளே இறங்கி நின்றுவிட்டது, பிள்ளை நிற்கவில்லை.

வலது மணிக்கட்டில் முறிவு. இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. இப்போது அவளுடைய நோட்ஸை நான்தான் பார்த்து எழுதுகிறேன். என் 7 அவளுக்கு 1 ஆகத் தெரிகிறதாம். நேற்று இரவு இடது கையால் கவராயத்தைப் பிடித்து வட்டம் கீறிப் பார்த்தாள். மூன்றாவது தாளையும் கசக்கிவிட்டு, ஒன்றும் பேசாமல் விளக்கை அணைத்தாள்.

முறைப்பாட்டுக்குப் பலனாக ஒரு பலகை வந்தது: 'அவதானமாகச் செல்லவும்'. மூன்று மொழியிலும். நன்றி. அதன் இரும்புக் கால் பாதைக்குள்ளேயே நிற்கிறது. அதை விலத்தப் போகிறவர்கள் நேரே மூடிக்கு வருகிறார்கள்.

அவதானமாகத்தான் போகிறோம், ஐயா. காதில் வயரோடு நடப்பவருக்குப் பெல் அடிக்கிறோம். தூண்டில் வீசுபவரின் கை பின்னால் போனால் வேகத்தைக் குறைக்கிறோம். கட்டாக்காலி மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூட ஊகிக்கிறோம். இதெல்லாம் எங்கள் பொறுப்பு, மறுக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் கம்பி எந்தப் பக்கமாகக் கிடக்கிறது என்று பார்க்கும் கண்தான் எங்களிடம் இல்லை.

1924 இல் திறந்த பழைய கல்லடிப் பாலம், 2013 இல் பக்கத்தில் புதியது வரும்வரை, அந்த ஒடுக்கத்திலேயே பஸ்ஸையும் லொறியையும் சுமந்தது. அத்தனை காலம் பாலம் தாங்கிய ஊரில் ஒரு மூடியைத் திருப்பிப் போட ஆளில்லையா? சரி, பாலத்தை விடுங்கள். கேட்க வந்தது மூடியைப் பற்றி.

தயவுசெய்து கம்பி குறுக்கே வரும்படி அதைத் திருப்பிப் போடுங்கள். அளவு பொருந்தாதென்றால் மேலே குறுக்காக நாலு கம்பியை வெல்டிங் செய்துவிடுங்கள். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் வெல்டிங் கடைத் தம்பி அரை நாள் வேலை என்கிறார். செலவைச் சொன்னால் நாங்களே சேர்த்துத் தருகிறோம். குத்திக் காட்டச் சொல்லவில்லை. (கொஞ்சம் அதற்காகவும்தான்.)

அதுவரை, தூண்டில்காரர் ஒருவர் அந்த இடத்தில் தடியில் கட்டி நட்டிருக்கும் சிவப்புச் சாரத் துண்டை உங்கள் துப்புரவு ஆட்கள் பிடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன கிழமை ஒருதரம் பிடுங்கிவிட்டார்கள்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு தகப்பன்