தாழங்கன்று வாங்குமுன்: ஆணா, பெண்ணா?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மாரி நெருங்க நெருங்கத் தாழங்கன்று கேட்டு வருகிறவர்கள் கூடுகிறார்கள். காசைக் கொடுக்குமுன் ஒரு விடயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: தாழையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஊரையே கூட்டும் அந்த வாசம் ஆண் பூவுக்குத்தான். வெளிறிய நீள மடல்களுக்குள் மாப்போல மகரந்தம் உதிரும் கதிர்கள் இருந்தால் அது ஆண். பெண் மரம் அன்னாசி மாதிரி ஒரு காயைக் காய்த்துவிட்டு நிற்கும். பூக்கும்வரை இலையையோ முள்ளையோ பார்த்து எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. விதையில் முளைத்த கன்று எதுவாகவும் இருக்கலாம். “வருடக்கணக்காய் வளர்த்தும் வாசமில்லை” என்று வரும் முறைப்பாடுகளில் அநேகமானவை இப்படிப்பட்டவைதான்.

அதனால் பச்சை நாடா கட்டிய பைகளில் இருப்பவை, பூத்து அடையாளம் கண்ட ஆண் மரங்களின் பக்கத்தில் கிளைத்த பக்கக்கன்றுகள்; தாய் ஆணென்றால் அவையும் ஆண்தான். நாடா இல்லாதவை விதைக்கன்றுகள். வாய்க்கால் கரையில் மண் அரிக்காமல் பிடிக்கவும் வேலியோரத்துக்கும் அவை தாராளமாய்ப் போதும், விலையும் குறைவு. கறிக்குப் போடும் ரம்பை இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அதில் பூவை எதிர்பார்க்க வேண்டாம்.

பக்கக்கன்றை நீங்களே எடுக்கலாம். மரம் பூத்திருக்கும்போதே கயிறு கட்டி அடையாளம் வையுங்கள். ஒன்றரை, இரண்டு அடி உயரமான, அடியில் வேர்முளை தெரியும் கன்றைத் தாயோடு ஒட்ட அரிவாளால் அறுத்து, இலைகளைப் பாதியாய் நறுக்கி, இரண்டு மூன்று நாள் நிழலில் போடுங்கள். வெட்டுவாய் காய வேண்டும். ஈரத்தோடு மண்ணில் வைத்தால் அங்கிருந்தே அழுகல் ஏறும். பிறகு மணல், மேல்மண், கூட்டெரு மூன்றும் சம பங்காய்க் கலந்த பையில் நட்டு, கிடுகு நிழலில் இரண்டு மாதம் வையுங்கள். முல்லைத்தீவின் நந்திக்கடல், நாயாற்றுக் களப்புப் பக்கம் போய்க் கிண்டி எடுக்க வேண்டாம். அவை 2017 முதல் இயற்கை ஒதுக்கிடங்கள்.

நிலத்தில் வைக்க ஐப்பசி நல்லது. கார்த்திகை, மார்கழி மழையில் வேர் ஓடிவிட்டால் வைகாசிக்குப் பின் வரும் வறண்ட கச்சான் காற்றைத் தாங்கும். குளத்துக்குக் கீழான களிநிலம், கிணற்றடித் தண்ணீர் ஓடி வடியும் மூலை, கடலோர மணல், உவர் நிலம் எல்லாம் சரி. இரண்டடி அகல ஆழத்தில் கிடங்கு வெட்டி, ஒரு வாளி மாட்டெரு கலந்து, பையில் இருந்த மட்டத்துக்கே நடுங்கள். கன்றுக்குக் கன்று பத்தடி. ஒதுங்கிய இடமாய் இருக்கட்டும், நடைபாதையோரம் வேண்டாம். இலையின் இரு ஓரமும் நடுநரம்பின் அடிப்பக்கமும் முள்.

தண்ணீர் பிடிக்கும் செடிதானே என்று தேங்கிய பள்ளத்துக்குள் இளங்கன்றை வைப்பதுதான் கூடுதலாய் நடக்கும் பிழை. வளர்ந்த தாழை சில நாள் வெள்ளத்தில் நின்று சமாளிக்கும், வேர் ஓடாத கன்று சமாளிக்காது. மழைக்கு நீர் நிற்கும் இடமென்றால் ஓரடி உயரத்துக்கு மண் மேடு கட்டி அதில் நடுங்கள். குருத்துக்குள் மண்ணோ எருவோ விழக்கூடாது. நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுக்கக் கையோடு வந்து நாறினால் அந்தக் கன்று போய்விட்டது, பக்கத்தில் முளைப்பு வருகிறதா என்று பாருங்கள். செம்மண் மேட்டுக்காணியில் முதல் கோடைக்கு வாரம் இரண்டு தடவை இரண்டு வாளி தண்ணீரும், அடியில் பொச்சுமட்டை மூடாக்கும் தேவை. அடுத்த வருடம் அவ்வளவு பார்க்கத் தேவையில்லை.

நுளம்பு விடயத்தில் மட்டும் அசட்டை வேண்டாம். இலை தண்டோடு சேரும் கக்கத்தில் மழைநீர் தேங்கும்; டெங்கு பரப்பும் நுளம்பு இனங்கள் அந்தக் கொஞ்சத் தண்ணீரிலேயே முட்டையிடும். முட்டை நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே மாரி முழுக்க வாரம் ஒருமுறை குழாய்த் தண்ணீரை வேகமாய் அடித்துக் கக்கங்களைக் கழுவிவிடுங்கள், காய்ந்த அடி இலைகளை வெட்டி எரியுங்கள். வீட்டு யன்னலோரத்தில் தாழை வைப்பதை நாங்கள் ஒருபோதும் விரும்பமாட்டோம்.

அடி இலைகளைக் களைந்தால் பாம்புப் பயமும் குறையும். வாசத்துக்குப் பாம்பு வருகிறது என்பார்கள். அடர்ந்த புதருக்குள் எலியும் தவளையும் இருந்தால் அதற்கு வேறு காரணம் தேவையில்லை.

பக்கக்கன்று மூன்று நான்கு வருடத்தில் பூக்கும். மடல் விரியத் தொடங்கும் அன்று விடியவே கொக்கைச்சத்தகத்தால் (தடி நுனியில் கட்டிய வளைகத்தி) அறுத்து, உதறி எறும்பை விழுத்திவிட்டு உள்ளே கொண்டுபோங்கள். கோயிலுக்கென்று வளர்ப்பவர்கள் முன்கூட்டியே ஐயரைக் கேளுங்கள், சிவபூசைக்குத் தாழம்பூ ஆகாது.

பச்சை நாடாக் கன்றுகள் எப்போதும் கொஞ்சம்தான் இருக்கும். வேண்டியவர்கள் புரட்டாதிக்குள் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
நாற்றுமேடையினர்