கணக்குப்பிள்ளையின் ஃபோல்டர்

அன்புள்ள முரளி,

நலம்தானே? வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். முதுகுவலி எப்படி இருக்கிறது, அந்த நாற்காலியைத் தூக்கிப் போட்டாயா இல்லையா? நீ போன வருஷம் எழுதிய இரண்டு மெயிலுக்கும் நான் பதில் போடவில்லை. அதற்குச் சாக்கு எதுவும் சொல்லப்போவதில்லை, மன்னித்துக்கொள். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. பாதியில் எழுந்து போகாமல் முழுக்கப் படி.

நம்மோடு வேலை செய்த கணக்குப்பிள்ளை சொன்னதுதான் சரி. அந்தக் குழாய் வளைவின் அழுத்த இழப்பு 54.

எந்த 54 என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மேஜை, அந்த வெள்ளைப் பலகை, நீ சிவப்பு மார்க்கரால் அதன் மேல் போட்ட குறுக்குக்கோடு எல்லாம் எனக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண், காற்றுக் குழாய் வளைவு ஒன்றுக்கு சிமுலேஷன் செய்ய வேண்டும், பழைய கேஸ் ஏதாவது இருந்தால் கொடுங்கள், அதை வைத்துத் தொடங்குகிறேன் என்று கேட்டாள். நம் 2014 வளைவு ஞாபகம் வந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் செருகி, லினக்ஸில் கோப்புகளைப் பார்க்க உதவும் டால்ஃபினில் திறந்தேன். நான் இப்போதெல்லாம் கோப்பு வேலை முழுவதையும் அதில்தான் செய்கிறேன். எஃப்3 தட்டினால் ஜன்னல் இரண்டாகப் பிரிந்து, இடப்பக்கம் ஒரு ஃபோல்டர், வலப்பக்கம் இன்னொன்று. எஃப்4 தட்டினால் கீழே கட்டளை தட்டுவதற்கு ஒரு டெர்மினல் திறக்கும். மேலே நீ எந்த ஃபோல்டருக்குள் போகிறாயோ, டெர்மினலும் கூடவே அங்கே வந்துவிடும். ஓபன்ஃபோம் மாதிரி காற்று, நீர் ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருளை ஓட்டுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதில் கேஸ், அதாவது ஒரு கணக்கீட்டுக்கு வேண்டிய எல்லாம், ஒரு ஃபோல்டர்தானே. பார்ப்பது மேலே, ஓட்டுவது கீழே.

இடப்பக்கம் நம் இருவருடையதையும் வைத்தேன். ஃபைனல், ஃபைனல் புது, ஃபைனல் கடைசி, ஃபைனல் கடைசி முரளி, டெஸ்ட், டெஸ்ட் வேண்டாம். மொத்தம் 143 ஃபோல்டர். வலப்பக்கம் கணக்குப்பிள்ளையுடையது. ஒன்பதே ஒன்பது. ஒவ்வொன்றின் பெயரும் தேதியில் தொடங்குகிறது, முதலில் வருஷம், அப்புறம் மாதம், அப்புறம் நாள். அதனால் பெயர் வரிசையில் அடுக்கினாலே கால வரிசை வந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் "குறிப்பு" என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதைப் பார்த்துத்தான் நாம் அவனுக்குக் கணக்குப்பிள்ளை என்ற பெயரையே வைத்தோம்.

முதலில் நம்முடையதை ஓட்டப் பார்த்தேன். ஓடவில்லை. மெஷ், அதாவது குழாயின் உள்ளிடத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலை, இல்லை. இடம் போதவில்லை என்று, மெஷ் இருக்கும் பாலிமெஷ் ஃபோல்டரை எல்லாக் கேஸிலும் மொத்தமாக அழித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மெஷ்தானே, ஒரு கட்டளை கொடுத்தால் மறுபடி வந்துவிடும் என்று நினைத்தோம். ஆனால் அந்தப் பதிப்பில், மெஷ் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்று சொல்லும் பிளாக்மெஷ்டிக்ட் ஃபைலும் அதே பாலிமெஷ் ஃபோல்டருக்குள்தான் இருந்தது. பிற்பாடு வந்த பதிப்புகளில்தான் அது சிஸ்டம் ஃபோல்டருக்கு மாறியது. வீட்டோடு வீட்டின் வரைபடத்தையும் சேர்த்துக் கொளுத்தியிருக்கிறோம். ஓட்டும்போது நடந்ததைப் பதிவு செய்யும் லாக் ஃபைல்களையும் விடவில்லை, அவையும் போயிருக்கின்றன. 143 ஃபோல்டரில் ஒன்றைக்கூட என்னால் உயிர்ப்பிக்க முடியவில்லை. எவ்வளவு ராத்திரி விழித்த வேலை அது!

அவனுடையதைத் திறந்தேன். லாக் அப்படியே இருந்தது. ஓபன்ஃபோம் லாக்கின் முதல் வரிகளில் எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளை, என்ன தேதி, எந்த இயந்திரம், எத்தனை புராசஸர் என்று எல்லாமே பதிவாகும். பதிப்பு 2.3.0. சரி, பழையது என்று தெரிந்துவிட்டது, இனி எதை மாற்ற வேண்டும் என்றும் தெரிந்துவிடும். பழைய ஆர்ஏஎஸ்பிராப்பர்ட்டீஸ் என்ற ஃபைல் இப்போது மொமன்டம்டிரான்ஸ்போர்ட் ஆகிவிட்டது. டிரான்ஸ்போர்ட்பிராப்பர்ட்டீஸ், பிசிக்கல்பிராப்பர்ட்டீஸ் ஆகிவிட்டது. சிம்பிள்ஃபோம் என்ற சால்வர், அதாவது சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல், இருந்த இடத்தில், 2023இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து ஃபோம்ரன். கட்டுப்பாட்டு ஃபைலிலும் சில வரிகள். இரண்டு மணி நேர வேலை. மெஷ் கட்டினேன், ஓட்டினேன், ஓடியது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. கணக்கில் மிஞ்சும் பிழையைக் காட்டும் ரெசிடுவல் வரைபடம் படிப்படியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருவன் அடுக்கி வைத்த சாமான், பெட்டியைத் திறந்ததும் அப்படியே வேலை செய்கிறது.

முடிவில் அழுத்த இழப்பு எவ்வளவு வந்தது தெரியுமா? 45. நம்முடைய எண்.

ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, மறைக்க மாட்டேன். அப்புறம்தான் அவன் குறிப்பைத் திறந்தேன். அப்படியே எழுதுகிறேன்:

"வளைவு, வழிகாட்டித் தகடு இல்லாமல். நுழைவு வேகம் நொடிக்கு 10 மீட்டர். விடை 45. இது பாஸ்கல் அல்ல. இந்த சால்வரில் அழுத்தம் அடர்த்தியால் வகுக்கப்பட்டு வருகிறது. காற்றின் அடர்த்தி 1.2ஆல் பெருக்க வேண்டும். 54 பாஸ்கல். மற்ற இருவரிடமும் சொல்ல வேண்டும்."

முரளி, அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

அவன் சொன்னான். சொல்ல வந்தான் என்பதுதான் சரி. நாம் விடவில்லை. "எங்கள் இரண்டு பேர் கம்ப்யூட்டரிலும் 45 வருகிறது, உனக்கு மட்டும் எப்படி 54 வரும்?" என்று கேட்டோம். அவன் கம்ப்யூட்டரிலும் 45தான் வந்திருக்கிறது. மூவருக்கும் ஒரே எண்தான். அது என்ன எண் என்று பார்த்தவன் அவன் ஒருவன்தான். யூனிட்டைப் பாருங்கள் என்று அவன் ஆரம்பித்ததும் நீ, "கணக்குப்பிள்ளை நோட்டைத் திறந்துவிட்டார்" என்றாய், நான் சிரித்தேன். அத்தோடு அவன் வாயைத் திறக்கவில்லை. அறிக்கையில் 45 பாஸ்கல் என்று போட்டு, மூன்று பேர் பெயரையும் போட்டுக் கொடுத்தோம். அடுத்த மாதம் அவன் வேறு குழுவுக்குப் போய்விட்டான். வேலைப் பளு என்று நாமே ஒரு காரணத்தையும் சொல்லிக்கொண்டோம்.

நம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்ததுதான் என்னைக் குடைகிறது. பி என்ற அழுத்த ஃபைலைத் திறந்தால் தலைப்புக்கு அடுத்தபடியே அளவை வரி. அடைப்புக்குள் ஏழு எண்கள்: 0 2 -2 0 0 0 0. முதல் எண் கிலோகிராம், இரண்டாவது மீட்டர், மூன்றாவது நொடி. பாஸ்கலாக இருந்தால் 1 -1 -2 என்று தொடங்க வேண்டும். இங்கே கிலோகிராமுக்கு நேராகச் சுழியம். நிறையே இல்லாத ஒன்று எப்படி அழுத்தமாகும்? அந்த ஃபைலை நாம் இருவரும் ஒரு நூறு முறையாவது திறந்திருப்போம். எல்லை நிபந்தனையை மாற்றுவோம், மூடுவோம். அந்த ஒரு வரி மட்டும் கண்ணில் படவே இல்லை. சால்வர் எதையும் ஒளிக்கவில்லை. அடர்த்தி மாறாத ஓட்டத்துக்கு அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து வைத்துக்கொண்டால் சமன்பாட்டில் அடர்த்தியே வேண்டாம், அதனால் அப்படி எழுதியிருக்கிறார்கள். அதையும் எழுத்தில் சொல்லித்தான் இருக்கிறார்கள்.

அவனுக்கு நான் நேற்றே எழுதியிருக்க வேண்டும். முதலில் உன்னிடம் சொல்லத் தோன்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பு ஃபைலின் அருமை எனக்கு இரண்டு வருஷமாகத்தான் தெரியும், அதுவும் பட்ட பிறகு. டால்ஃபினில் எந்த ஃபோல்டருக்கும் டேக் போடலாம். நான் ஆசை ஆசையாக "சரி", "சந்தேகம்", "மறுபடி ஓட்டு" என்று எல்லா ரன்னுக்கும் போட்டு வைத்திருந்தேன். பார்க்கவே நிறைவாக இருக்கும். ஒரு நாள் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துப் போய் வேறு இயந்திரத்தில் இறக்கினேன். ஒரு டேக் கூட இல்லை. விசாரித்தால், டேக் ஃபைலுக்குள் எழுதப்படுவதில்லை, ஃபைல் சிஸ்டம் அதைத் தனிக் குறிப்பாகப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறது. பென் டிரைவில் இருந்ததோ எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டம். அதில் அந்தக் குறிப்புக்கு இடமே கிடையாது. பிரதி எடுக்கும்போதே உதிர்ந்துவிட்டது. பழைய இயந்திரத்தை அதற்குள் துடைத்தும் ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் டேக்கை வசதிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சங்கதியை ஃபோல்டருக்குள்ளேயே சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதத் தொடங்கினேன். அவன் 2014இலேயே செய்ததை.

ஆனால் எழுத வேண்டும் என்று நினைப்பது வேறு, எழுதுவது வேறு. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ரன்னைத் தட்டிவிட்டுத் தூங்கப் போகிறவன் குறிப்பா எழுதுவான்? அதற்கு ஒரு வழி செய்திருக்கிறேன், நீயும் கட்டாயம் செய்துகொள். டால்ஃபினில் ரைட் கிளிக் மெனுவில் நாமே ஒரு கட்டளையைச் சேர்க்கலாம். பத்துப் பன்னிரண்டு வரிக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல், டெஸ்க்டாப் என்ற பின்னொட்டோடு, சர்வீஸ்மெனுஸ் ஃபோல்டருக்குள் போட்டு, இயங்கும் அனுமதி கொடுத்துவிட்டால் போதும். என்னுடையதன் பெயர் "கேஸை ஓட்டு". அதைத் தட்டியதும் கேடயலாக் என்ற சின்ன நிரல் ஒரு சிறு பெட்டியைத் திறந்து, "எதற்காக இந்த ரன்? போன தடவைக்கு என்ன மாற்றம்?" என்று கேட்கும். காலியாக விட்டால் ஓடாது. ஒரு வரியாவது எழுதினால், அதைத் தேதியோடும் பதிப்பு எண்ணோடும் குறிப்பில் சேர்த்துவிட்டு, தொடக்க மதிப்புகளின் மூலப் பிரதியான 0.ஒரிஜ் ஃபோல்டரை 0 என்று பிரதி எடுத்து, சால்வரைக் கிளப்பி, லாக்கைப் பக்கத்திலேயே வைக்கும்.

ஓடி முடிந்ததும் இன்னொரு பெட்டி வரும், "விடை என்ன? என்ன யூனிட்?" என்று கேட்கும். யூனிட் என்ற இரண்டாவது கேள்வியை நேற்று ராத்திரிதான் சேர்த்தேன்.

அந்தப் பெண்ணுக்கு நம்முடைய 143ஐக் காட்டவில்லை. அவனுடைய ஒன்பதையும், குறிப்புகளோடு, அவன் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் அவளாகவே ஓட்டிவிட்டாள். "யார் சார் இவர், இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார்?" என்று கேட்டாள். எங்களோடு வேலை செய்தவர் என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை.

இப்போது உன்னிடம் கேட்பது மூன்று. ஒன்று, அவன் நம்பர். என்னிடம் இருப்பது எடுபடவில்லை, மாற்றியிருப்பான் போல. உன் தம்பியோடு அவனுக்குப் பேச்சு உண்டு என்று கேள்வி. இரண்டு, நம் அறிக்கைக்கு ஒரு பக்கத்தில் திருத்தம் எழுதியிருக்கிறேன். 45 பாஸ்கல் என்று வரும் ஏழு இடங்களிலும் 54, கூடவே இதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று ஒரு வரி. நம் இருவர் பெயரிலும் அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையை யாராவது இன்னும் புரட்டிப் பார்க்கக்கூடும். அந்த அளவை வைத்து ஃபேன் தேர்ந்தெடுத்தால் ஆறில் ஒரு பங்கு அழுத்தம் குறைவாகக் கணக்குப் போடுவார்கள். இணைத்திருக்கிறேன், படித்துவிட்டுச் சரி என்று மட்டும் சொல். மூன்று, அவனுக்கு நான் எழுதப்போகும் கடிதத்தில் நீயும் நாலு வரி எழுத வேண்டும். நான் உனக்காக எழுத மாட்டேன். சிவப்பு மார்க்கர் உன் கையில்தான் இருந்தது. சிரித்தது நான்.

அவன் கோபமாக இருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. கோபமாக இருந்தால் நல்லது என்றுகூட நினைக்கிறேன். அவன் இதையெல்லாம் மறந்தே போயிருப்பானோ என்பதுதான் என் பயம்.

உன் பதிலுக்குக் காத்திருப்பேன். இந்த முறை உடனே பதில் எழுதுவேன், சத்தியம்.

அன்புடன்,
ரகு

பி.கு.: உன்னிடமும் ஒரு பழைய டிஸ்க் இருக்குமே, தகடு வைத்த வளைவு அதில் இருக்கலாம். திறப்பதற்கு முன் முழுசாகப் பிரதி எடு. எதையும் அழிக்காதே. இடம் போதவில்லை என்றால் சொல், நான் டிஸ்க் வாங்கி அனுப்புகிறேன்.