இரண்டு வருடம் என்னை அனுப்பி வைத்தவர்களுக்கு

சேலத்திலும் ஏற்காட்டிலும் கூடும் தோழர்களுக்கும், வீட்டில் இருந்தபடி எங்களைத் தாங்கியவர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமையோடு என் டெலிகேட் பொறுப்பு முடிந்தது. கணக்கு நோட்டையும் பையையும் அடுத்தவர் கையில் கொடுத்தாகிவிட்டது. அன்றைக்கே எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் எழுந்தேன். நாலு வார்த்தை வருவதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது, உட்கார்ந்துவிட்டேன். சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

இதில் யார் பெயரும் வராது, என் பெயரும் வராது. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் எங்கள் தோழமைக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் காட்டாத குடிநோயாளிகள், என்று பெயர். அந்தப் பெயரிலேயே அது இருக்கிறது. பத்திரிகை, வானொலி, சினிமா என்று பொதுவில் பேசும்போது நாங்கள் பெயர் காட்டுவதில்லை. மரபுகள் என்று நாங்கள் சொல்லும் பன்னிரண்டு நெறிகளில் அது பதினோராவது. நன்றி மடலுக்கு இது பெரிய சங்கடம்தான். ஆனால் நீங்கள் செய்ததை எழுதினால் உங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கு அது போதும்.

எங்கள் கூட்டங்களுக்கு வராத சிலரும் இதைப் படிப்பார்கள் என்பதால் டெலிகேட் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது இந்தத் தோழமை. பதினைந்து வருடம் போனபின் ஆரம்பித்தவர்களுக்கு ஒரு கவலை வந்தது. தங்கள் காலத்துக்குப் பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? அதற்காக 1951இல் நியூயார்க்கில் முதல் மாநாட்டைக் கூட்டி, பொறுப்பைக் கூட்டங்களின் கையிலேயே கொடுக்கத் தொடங்கினார்கள். கூட்டங்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்து மாநாட்டுக்கு அனுப்பும். அவர்தான் டெலிகேட். பெரிய பதவி போலக் கேட்கிறது, ஆனால் எங்கள் அமைப்பைப் படம் போட்டால் முக்கோணம் தலைகீழாக இருக்கும். கூட்டங்கள் மேலே, டெலிகேட் அவர்களுக்குக் கீழே. நம்பிக்கைக்குரிய பணியாள் என்றுதான் இரண்டாவது மரபு சொல்கிறது.

தேர்தலில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். திரும்பத் திரும்ப ஓட்டுப் போட்டும் யாருக்கும் அது கிடைக்கவில்லை என்றால், பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுப்பார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் படித்த குடவோலைதான் எனக்கு ஞாபகம் வந்தது. என் சீட்டு ஒரு எவர்சில்வர் டப்பாவிலிருந்து வந்தது. அன்றைக்கு என்னைவிடத் தகுதியான ஒரு அண்ணன், சீட்டில் தன் பெயர் வராத மறு நிமிடமே எழுந்து வந்து, "தம்பி, மினிட்ஸ் எழுதற வேலைய நான் பாத்துக்கறேன், நீ பேச்சக் கேளு" என்றார். இரண்டு வருடமும் பார்த்துக்கொண்டார். அண்ணா, என் முதல் நன்றி உங்களுக்கு.

அடுத்தது பொருளாளர் அண்ணனுக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை பார்ப்பவன் நான். எங்கள் தொழிலில் எல்லாமே தராசுதான். காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், சாயங்காலம் எடை போட்டு வாங்குவார்கள். சேதாரம் இவ்வளவு என்று கணக்கு உண்டு. அதற்கு மேல் ஒரு கிராம் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டும். தரையைக் கூட்டி அள்ளும் குப்பைக்கே விலை இருக்கிறது, அதிலும் வெள்ளித் தூள் கிடக்கும். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தச் சேதாரக் கணக்குக்குள் நான் கை வைத்தேன். இன்றைக்கு அரை கிராம், நாளைக்கு ஒரு கிராம் என்று எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு போய் விற்றுக் குடித்தேன். ஒருநாள் மாட்டினேன். ஊருக்கெல்லாம் தெரிந்தது. அப்புறம் இரண்டு வருடம் எந்தப் பட்டறையிலும் என் கையில் வெள்ளி கொடுக்க ஆள் இல்லை. அது அவர்கள் தப்பில்லை.

அந்தக் கையில்தான் பொருளாளர் அண்ணன் பயணச் செலவுக் கவரைக் கொடுத்தார். கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு முன்னால் எண்ணினார். ஐந்நூறு ரூபாய்த் தாள் நாலைந்துதான். மீதியெல்லாம் பத்தும் இருபதும், ஒரு துணிப் பையில் சில்லறை வேறு. எங்கள் கூட்டங்களில் பை சுற்றி வரும்போது போடுகிற காசு அது. கட்டட வேலைக்குப் போகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர் எல்லாரும் போட்ட காசு. எண்ணி முடித்துக் கவரை நீட்டினார். கையெழுத்துப் போட நோட்டைக் கேட்டேன். "வந்து கணக்குக் குடுங்க, அப்பப் போடலாம்" என்று எழுந்து போய்விட்டார். என் பழைய கதை அவருக்கு முழுசாகத் தெரியும், குடியிலிருந்து மீள எங்களுக்குள்ள பன்னிரண்டு படிகளில் ஐந்தாவதை, செய்த தப்புகளை இன்னொருவரிடம் ஒத்துக்கொள்வதை, எடுத்த பிறகு நானே சொல்லியிருந்தேன். அந்தப் பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை, டீ ஆறிப்போய்விட்டது. திரும்பி வந்து பஸ் டிக்கெட்டுகளை நோட்டில் ஒட்டி, மிச்சம் இருநூற்றுப் பதினேழு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தபோது, அதையும் எண்ணித்தான் வாங்கினார். அதுவும் எனக்குப் பிடித்தது.

இப்போது எனக்கு வேலை கொடுக்கிற முதலாளிக்கும் நன்றி. வைகாசி முகூர்த்த ஆர்டர் குவிந்து கிடந்த நேரத்தில் ஒரு வாரம் லீவு கேட்டேன். எதற்கு என்று சொன்னேன். லீவும் கொடுத்து, ஐயாயிரம் ரூபாயையும் எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. வெளியார் பணம் வாங்குவதில்லை, எங்கள் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பது ஏழாவது மரபு. அவர் முகம் வாடிவிட்டது. ஐயா, உங்கள் பணத்தை மறுத்தேன், உங்கள் மனசை மறுக்கவில்லை. நான் ஊரில் இல்லாத அந்த வாரம் என் வீட்டுக்கு ஆள் அனுப்பி "எல்லாம் சவுகரியமா?" என்று விசாரித்தீர்களே, அதை எந்த மரபும் தடுக்காது.

ஆங்கிலத்தில் வந்த நிகழ்ச்சி நிரலை வாரக்கணக்கில் ராத்திரி உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொன்ன கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பிக்கு: நீ வந்து சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. உனக்கே ராத்திரி நேரம் சிரமமான நேரம் என்று எனக்குத் தெரியும். "அண்ணா, இத மொழிபெயர்க்கிறப்ப எனக்கு அந்த நேரம் ஓடிடுது" என்று நீ சொன்னதை மறக்க மாட்டேன்.

மலைக்கு வருகிறேன்.

ஏற்காட்டுக் கூட்டம் சின்னது. ஏழெட்டுப் பேர், மழை நாளில் மூன்று பேர். காபித் தோட்டத்தில் பழம் பறிப்பவர்கள், சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறிப்பவர்கள். கார்த்திகை, மார்கழியில் பறிப்பு நடக்கும், கையில் கூலி புரளும், அவர்களுக்கு அதுதான் கண்டம். கீழே இருக்கிற நாங்கள் பலமுறை அவர்களைக் கேட்காமலே முடிவெடுத்திருக்கிறோம். என் ஸ்பான்சர், அதாவது குடியை விட்டதிலிருந்து எனக்கு வழிகாட்டும் மூத்த தோழர், மலைக்காரர், தோட்டத்தில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் டெலிகேட் ஆனதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "மேல ஏறி வந்து கேட்டுட்டுப் போ. போன்ல கேக்காதே." ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்த வருடம் மாநாட்டுக்குப் போக வேண்டிய கேள்விகளில் ஒன்று, கைப்பிரசுரங்களைப் பெரிய எழுத்தில் அச்சடிப்பது பற்றியது. சேலத்துக் கூட்டங்கள் எல்லாம் சரி என்றன. மலையில் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, உள்ளே ஒரே ஒரு பல்பு. மூலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்த பெரியவர், எப்போதும் பேசாதவர், "படிக்கத் தெரிஞ்சவனுக்குப் பெரிய எழுத்து. சரி. எனக்கு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். பன்னிரண்டு படிகளையும் காதால் கேட்டே மனசில் வைத்திருப்பவர் அவர். எனக்கு அதுவரை அது தெரியாது. பல வருடமாக அவர் கையில் பிரசுரங்களைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மாநாட்டில் ஓட்டு எடுத்தார்கள், பெரிய எழுத்துக்குப் பெரும்பான்மை. நானும் சரி என்றுதான் கை தூக்கினேன், என்னை அனுப்பியவர்கள் சொன்னது அதுதானே. எங்கள் வழக்கப்படி ஓட்டு முடிந்ததும், தோற்ற பக்கத்துக்காரர்கள் பேசலாம் என்றார்கள். அந்தப் பக்கம் இருந்தது இரண்டு பேர். ஒருவர் செலவைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் வடகிழக்கிலிருந்து வந்தவர். தங்கள் ஊரில் பலருக்கு எழுத்தே தெரியாது, காதில் கேட்கிற மாதிரி ஏதாவது முதலில் வேண்டும் என்றார். கம்பளிப் போர்வைப் பெரியவர் எனக்கு முன்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது. மறுபடி ஓட்டு எடுக்கச் சொல்லிக் கேட்டேன். முழங்கால் நடுங்கியது. எழுந்து நின்று மலையில் கேட்ட கேள்வியைத் தமிழிலேயே சொன்னேன், பக்கத்தில் இருந்த கேரளத்து நண்பர் ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டாவது ஓட்டில் நான் மாற்றிப் போட்டேன். விஷயத்தைத் திரும்பக் குழுவுக்கே அனுப்பினார்கள், ஒலிப்பதிவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி.

ஊர் திரும்பியதும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நாங்க சொல்லி அனுப்புனது ஒண்ணு, நீ செஞ்சுட்டு வந்தது ஒண்ணு" என்று அம்மாபேட்டை அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டார். டெலிகேட் கைப்பாவை இல்லை, எல்லாரையும் கேட்டபின் தன் மனசுக்குச் சரியென்று பட்டதற்கு ஓட்டுப் போடலாம் என்று எங்கள் சேவைக் கோட்பாடுகளில் இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். கூட்டம் முடிந்து நாற்காலி மடக்கும்போது அவரே பக்கத்தில் வந்தார். "எனக்கு இன்னும் ஒப்புதல் இல்ல. ஆனா ஒளிக்காம வந்து சொன்னே" என்றார். அண்ணா, குடித்த காலத்தில் நான் செய்ததை ஒருநாளும் ஒளிக்காமல் சொன்னதில்லை. நீங்கள் எல்லார் முன்னாலும் கேட்டதற்கும் நன்றி, அப்புறம் பக்கத்தில் வந்ததற்கும் நன்றி.

அதே மாநாட்டில் டீ இடைவேளையில் ஒரு வடநாட்டு நண்பர், நான் சேலம் என்றதும், "மதுவிலக்கு முதலில் வந்த ஊரா?" என்று கேட்டார். ஆமாம், 1937 அக்டோபர் 1ஆம் தேதி, ராஜாஜி மந்திரிசபை சேலம் மாவட்டத்தில்தான் அதைத் தொடங்கியது என்றேன். என் கருத்தைக் கேட்டார். எனக்குக் கருத்து உண்டு, வீட்டில் சத்தமாகவே சொல்வேன். ஆனால் நெஞ்சில் டெலிகேட் அட்டை தொங்கும்போது சொல்லக் கூடாது. வெளி விவகாரங்களில் தோழமை எந்தப் பக்கமும் நிற்பதில்லை. கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் எங்கள் கதவு திறந்திருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டாவது வருட நடுவில் நான் சரியாக இல்லை. வாரம் ஐந்து நாள் சேவை, தொலைபேசி, கணக்கு. ஆனால் என் சொந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து பகிர்ந்து எட்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு ராத்திரி ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்ச் சாரியிலிருந்து வந்த வாசனை, பத்து வருடத்துக்கு மேல் ஆகியும், நேராக உள்ளே இறங்கியது. ஸ்பான்சரைக் கூப்பிட்டேன். "டெலிகேட் ஆயிட்டா குடிநோய் போயிடுமா சாமி? நாளைக்குக் கூட்டத்துல கடைசி வரிசையில போய் உக்காரு" என்றார். பஸ் வந்து நான் ஏறும்வரை போனை வைக்கவில்லை, தோட்டத்து நாய் குரைப்பதைக்கூடக் கேட்டேன். மறுநாள் நான் போய் உட்கார்ந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. என் முறை வந்ததும் "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கினேன். பக்கத்தில் முதல் நாளாக வந்திருந்த ஒருவர் கை நடுங்க டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்றைக்கு நீங்கள் வந்திருந்ததற்கு நன்றி. மறுபடி வாருங்கள்.

கடைசியாக வீட்டுக்கு. என் மனைவி வாரா வாரம் அல்-அனான் கூட்டத்துக்குப் போகிறாள், குடும்பத்தாருக்கானது அது. முதல் பயணத்துக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தவள், தினமும் ஒன்பது மணிக்கு ஒரு போன் போடச் சொன்னாள். வேறு எதுவும் கேட்கவில்லை. எதற்கு என்று நானும் கேட்கவில்லை. என் குரலின் முதல் நாலு வார்த்தையிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும், அத்தனை வருடம் அவள் அப்படித்தான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். இந்த வருடம் நான் ஒன்பதுக்குக் கூப்பிட்டபோது பையன் எடுத்து, "அம்மா தூங்கிட்டாங்கப்பா" என்றான். ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். நன்றி, தாயி. நீ தூங்கினாயே.

புது டெலிகேட் அக்காவுக்கு ஒரு வார்த்தை: பையின் உள் ஜிப்பில் மலை பஸ் நேரங்களை எழுதி வைத்திருக்கிறேன். கடைசி பஸ்ஸை விட்டால் பெரியவர் வீட்டில் தங்கலாம், கம்பளி தருவார். வரும் ஞாயிறு முதல் டீ என் பொறுப்பு. சர்க்கரை வேண்டாதவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பாத்திரத்தைத் தனியாக வைக்கிறேன்.